எட்டாவது படம்: பெருங்குடலுக்குள் கேமரா போன கதை

கொலோனாஸ்கோபி செய்துகொண்டவர் வீட்டில் ஒரு ரிப்போர்ட் இருக்கும். ஏ4 தாள், மேலே ஆஸ்பத்திரி பெயர், கீழே டாக்டர் கையெழுத்து, நடுவில் இளஞ்சிவப்பாக இரண்டோ நாலோ படங்கள். நம்ம ஆட்கள் அந்தப் படங்களைப் பார்க்கவே கூச்சப்படுவார்கள். கடைசி வரியில் 'நார்மல்' இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மஞ்சப் பைக்குள் மடித்து வைத்துவிடுவார்கள். அந்தத் தாளில் இன்னொரு டாக்டர் தன் கண்ணால் சரிபார்க்கக்கூடியது அந்தப் படங்கள் மட்டும்தான். மிச்சமெல்லாம் ஒருவர் சொன்ன சொல்.

ஓசூர் தொழிற்பேட்டையில் தர ஆய்வுப் பிரிவில் இருபத்துச் சொச்சம் வருஷம் வேலை பார்த்தவன் நான். வார்ப்பின் உள்துளையைச் சோதித்துவிட்டு வெறுமனே 'ஓகே' என்று எழுதினால் எங்கள் சூப்பர்வைசர் தாளைத் திருப்பி வீசுவார். எந்தத் துளை, எவ்வளவு ஆழம், எந்த கேஜ், என்ன அளவு, நாலும் இருந்தால்தான் பேட்ச் நகரும். கண்ணுக்கு எட்டாத உள்பகுதிகளைப் பார்க்க போரோஸ்கோப் வைத்திருந்தோம். டாக்டர்கள் வைத்திருக்கிற கருவிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கேள்வி வந்தது: உள்ளே போய்ப் பார்த்தேன் என்று சொல்வதற்கு மருத்துவத்தில் சாட்சி எப்போது, எப்படி வந்தது? சில மாதங்களாகப் படித்துச் சேர்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை தலைகீழாகத் தொடங்குகிறது. மனித வயிற்றுக்குள் வளைந்து போகிற கண் வருவதற்கு முன்பே வளைந்து போகிற கேமரா வந்துவிட்டது. ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த தட்சுரோ உஜி, ஒலிம்பஸ் கம்பெனியின் பொறியாளர் முட்சுவோ சுகியூராவிடம் போய், இரைப்பைக்குள் விட்டுப் படம் எடுக்கிற கேமரா செய்ய முடியுமா என்று கேட்டார். போர் முடிந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. 1950-ல் மாதிரிக் கருவி தயாரானது. ரப்பர் குழாயின் நுனியில் ஒரு குட்டி லென்ஸ், ஒரு குட்டி பல்ப், சில மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் சுருள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எடுக்கிற டாக்டருக்கு எதுவும் தெரியாது. அறையை இருட்டாக்குவார்கள். நோயாளி குழாயை விழுங்குவார். இரைப்பையில் காற்றடித்து உப்பவைத்து பல்பை மின்ன வைக்கும்போது, வெளிச்சம் வயிற்றுத் தோல் வழியாக மங்கலாக வெளியே தெரியும். அந்த வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்துத்தான் கேமரா எங்கே பார்க்கிறது என்று ஊகிக்க வேண்டும். படம் கழுவி வந்த பிறகுதான் நோய். அதாவது பரிசோதனை நடக்கும்போது யாரும் எதையும் 'பார்க்கவில்லை'. ஆவணம் மட்டும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் படங்களைக் கூட்டமாக உட்கார்ந்து விவாதித்தார்கள். இன்றைய அவர்களுடைய எண்டோஸ்கோபி சங்கமே முதலில் கேஸ்ட்ரோகேமரா சங்கமாகத்தான் தொடங்கியது. தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோயை வடிவம் பார்த்து வகை பிரிக்கும் அவர்களுடைய முறை 1962-ல் வந்தது. உலகம் முழுக்க இன்றும் அதன் வழிதான். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைக்காமல் அப்படி ஒரு வகைப்பாடு சாத்தியமே இல்லை என்பது என் எண்ணம்.

கண் வந்தது வேறு வழியில். பஞ்சாபின் மோகாவில் 1926-ல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி ஒரு முனையில் விழும் பிம்பத்தை மறுமுனைக்குக் கடத்திக் காட்டினார். 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை. ஆயிரக்கணக்கான இழைகள் இந்த முனையில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் அந்த முனையிலும் இருக்க வேண்டும். கலைந்தால் பிம்பமும் கலைந்துவிடும். இதைப் படித்துவிட்டு லண்டனுக்கே கிளம்பிப் போய்ப் பார்த்தவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கர்ட்டிஸ், வில்பர் பீட்டர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1957-ல் முதல் வளையும் இரைப்பைநோக்கியைச் செய்து, நோயாளிக்குப் போடுவதற்கு முன்னால் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார். ஒரு இழையில் போகும் வெளிச்சம் பக்கத்து இழைக்குக் கசியாமல் இருக்க, கண்ணாடி மேல் கண்ணாடி உறை போடுகிற வழியைக் கண்டுபிடித்தவர் கர்ட்டிஸ். அப்போது அவர் கல்லூரி மாணவர்.

இப்போது டாக்டருக்குக் கண் கிடைத்தது. ஆனால் கண் ஒன்றுதான். ஐபீஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் குனிந்து பார்க்க முடியும். பக்கத்தில் நிற்கும் நர்சுக்கு ஒன்றும் தெரியாது. கற்றுக்கொள்ள வந்த இளம் டாக்டர், குருநாதர் நகர்ந்து இடம் கொடுத்தால் உண்டு. படம் வேண்டுமென்றால் ஐபீஸில் 35 மி.மீ. கேமராவை மாட்ட வேண்டும். பிலிம் செலவு, கழுவுகிற செலவு. இழை உடைந்த இடங்கள் படத்தில் கறுப்புப் புள்ளிகளாக விழும். பழைய கருவி என்றால் புள்ளி மழையே பெய்யும். 1964-ல் ஒலிம்பஸ் இழையையும் கேமராவையும் ஒரே குழாயில் சேர்த்தது. இருந்தாலும் மேற்கு நாடுகளில் பொதுவாக நடந்தது வேறு: டாக்டர் பார்த்தார், வாயால் சொன்னார், டைப் அடித்தார்கள். சாட்சி போய் சொல் வந்தது.

பெருங்குடலில் இது ஏன் பெரிய சிக்கல் ஆயிற்று என்பதற்கு உடற்கூறு கொஞ்சம் தேவை. உணவுக்குழாய் ஒரு நேர்க்குழாய். விட்டால் இரைப்பைக்குத்தான் போகும். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம், கேள்விக்குறியைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு வடிவம். நடுவில் சிக்மாய்டு என்கிற பகுதி கட்டிப்போடாத கயிறு மாதிரி ஆடும். குழாயைத் தள்ளத் தள்ள நுனி முன்னேறாமல் நடுவில் வளையம் போட்டுக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கும், நுனியோ இன்னும் இடது பக்கத்திலேயே நிற்கும். வளையத்தை நீக்கி நேராக்கினால் எழுபது எண்பது சென்டிமீட்டரிலேயே கடைசி முனையைத் தொட்டுவிடலாம். ஆகவே எத்தனை சென்டிமீட்டர் போயிருக்கிறது என்ற கணக்கு இங்கே செல்லாது. எங்கள் பாஷையில் சொன்னால், டெப்த் கேஜ் வேலை செய்யாத துளை.

1965-ல் இத்தாலியின் சார்டீனியாவில் ப்ரோவென்சாலே, ரெவிக்னாஸ் என்ற இருவர் இதற்குக் கண்ட வழி நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் வழிதான். நோயாளியை மெல்லிய குழாய் ஒன்றை விழுங்க வைத்து, அது ஆசனவாய் வழியாக வெளியே வந்ததும் அதில் கருவியைக் கட்டி, மேலிருந்து இழுத்தார்கள். பைப்புக்குள் ஒயர் இழுக்க ஸ்பிரிங் விடுவது போல. வேலை செய்தது. ஆனால் யார் தினமும் இதைச் செய்துகொள்வார்கள்? அதே காலத்தில் அமெரிக்காவில் பெர்ஜீன் ஓவர்ஹோல்ட்டும் ஜப்பானில் நிவா போன்றவர்களும் கீழிருந்து தள்ளிப் போகிற கருவிகளைச் செய்து கொண்டிருந்தார்கள். நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் 1969-ல் குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கு போட்டு பாலிப்பை அறுத்தெடுத்தார்கள். 1973-ல் 303 பாலிப்புகள் எடுத்த கணக்கை வெளியிட்டார்கள். வயிற்றைக் கீறித் திறக்க வேண்டிய வேலை வெளிநோயாளி வேலையானது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் என். ரங்கபாஷ்யம் போன்றவர்கள் குடல் அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்ததும் அந்தப் பத்தாண்டில்தான்.

கடைசி முனைக்கு வந்துவிட்டோம் என்பதை எப்படி அறிந்தார்கள்? எக்ஸ்ரே திரையில் பார்ப்பது ஒரு வழி. இன்னொன்று, அறையை இருட்டாக்கி, வலது அடிவயிற்றில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. டோக்கியோவில் 1950-ல் செய்த அதே வித்தை! மூன்றாவது, அந்த இடத்தில் விரலால் அமுக்கினால் உள்ளே மேடு தெரிகிறதா என்று பார்ப்பது. மூன்றும் ஏமாற்றும். ஏமாற்றாத அடையாளங்கள் என்று பார்த்தால் குடல்வாலின் வாய், சிறுகுடல் வந்து சேரும் வால்வு, அந்த வால்வுக்குள் நுழைந்து பார்த்த சிறுகுடலின் கடைசிப் பகுதி. இவை மூன்றும் கண்ணால் பார்க்க வேண்டியவை. அதனால் படம் எடுக்கக்கூடியவை.

படம் மலிவானது 1983-க்குப் பிறகு. வெல்ச் ஆலின் என்ற அமெரிக்க கம்பெனி இழைக் கற்றையை எடுத்துவிட்டு நுனியிலேயே சிசிடி சில்லை வைத்தது. பிம்பம் மின்சாரமாக வந்து டிவி பெட்டியில் விழுந்தது. டாக்டர் நிமிர்ந்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்தார்கள். பொத்தானை அழுத்தினால் படம் நின்றது.

ஒரு இடைச்செருகல். 2009 இயற்பியல் நோபல் பரிசில் பாதி, இழையில் ஒளியைத் தொலைதூரம் அனுப்பியதற்காக சார்லஸ் காவோவுக்கு. மறுபாதி, சிசிடி-க்காக வில்லார்ட் பாய்லுக்கும் ஜார்ஜ் ஸ்மித்துக்கும். எண்டோஸ்கோபியின் இரண்டு யுகங்களும் ஒரே மேடையில் நின்ற வருஷம். கபானி அந்த மேடையில் இல்லை. 2020-ல் அவர் காலமான பிறகு நம்ம அரசாங்கம் பத்ம விபூஷண் கொடுத்தது.

படம் மலிவானதும் எல்லோரும் எடுத்தார்களா? இல்லை. 2001-ல்தான் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்துக்காக ரேயும் லாம்பெர்ட்டும் ஒரு பட்டியல் போட்டார்கள். பெருங்குடலுக்குக் குறைந்தது எட்டுப் படம், ஒவ்வொன்றும் சொல்லப்பட்ட இடத்தில்: மலக்குடலின் அடியில் தொடங்கி, சிக்மாய்டு, இடப்பக்க வளைவுக்கு முன்னும் பின்னும், வலப்பக்க வளைவுக்கு முன்னும் பின்னும், ஏழாவது வால்வு, எட்டாவது குடல்வாலின் வாய் தெரிகிற முனை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டின் பலூன் நம்பர்கள்தான் ஞாபகம் வந்தன. டிராயிங்கில் 1 முதல் 8 வரை வட்டம் போட்டிருக்கும், எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு அளவு இருக்க வேண்டும்.

இந்தக் கெடுபிடி ஏன் தேவைப்பட்டது என்பதை இங்கிலாந்து காட்டியது. தேசிய அளவில் குடல் புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் தொடங்குவதற்கு முன், மூன்று பகுதிகளில் 9,223 கொலோனாஸ்கோபிகளை ஆராய்ந்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. முனைவரை போனதாக எழுதியிருந்தது 76.9 சதவீதம். சந்தேகத்துக்கு இடமில்லாத அடையாளம் இருந்தால்தான் கணக்கு என்று இறுக்கிப் பிடித்தபோது 56.9 சதவீதம். இடையில் இருக்கும் 20 சதவீதத்தை யோசித்துப் பாருங்கள். போனார்களோ இல்லையோ, போனதற்குச் சாட்சி இல்லை. அந்த நாட்டுக்காரர்கள் இதை மூடி மறைக்காமல் அச்சடித்து வெளியிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பயிற்சியை மாற்றினார்கள், மையங்களுக்கு மதிப்பீடு வைத்தார்கள். 2011-ல் இரண்டே வாரத்தில் நாடு முழுக்க நடந்த 20,085 பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தபோது 92.3 சதவீதம் முனையைத் தொட்டிருந்தது.

ஆனால் எட்டாவது படம் போனதற்குத்தான் சாட்சி. திரும்பி வரும்போது ஒழுங்காகப் பார்த்தாரா என்பதற்குச் சாட்சி இல்லை. கொலோனாஸ்கோபியில் உண்மையான சோதனை வெளியே இழுத்து வரும்போதுதான் நடக்கிறது. ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்க வேண்டும், தேங்கிய தண்ணீரை உறிஞ்ச வேண்டும். 2006-ல் அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் 12 டாக்டர்கள் செய்த 7,882 பரிசோதனைகளை வைத்து பார்க்லேயும் கூட்டாளிகளும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வெளியே வர சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28.3 சதவீதம் பேரிடம் கட்டிகளைக் கண்டார்கள். ஆறுக்குக் குறைந்தவர்கள் கண்டது 11.8 சதவீதம். டைட்டன் வாட்ச் செய்கிற ஊர்க்காரனுக்கு இது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கையில் கடிகாரம் இருந்தால் போதுமே என்று.

போதாது. பாஸ்டனில் ஒரு மருத்துவமனை ஏழு நிமிடம் கட்டாயம் என்று விதி போட்டது. கொஞ்ச நாளில் கிட்டத்தட்ட எல்லோரும் விதியைப் பின்பற்றினார்கள். பாலிப் கண்டுபிடிப்பு மட்டும் அசையவில்லை. 2008-ல் வெளியான இந்தக் கட்டுரையை எங்கள் பழைய க்வாலிட்டி மேனேஜருக்குப் படித்துக் காட்ட ஆசை. ஆடிட் வருகிறது என்றால் செக்‌ஷீட் எல்லாம் நிரம்பியிருக்கும், ரிஜெக்‌ஷன் மட்டும் அப்படியே இருக்கும். மணி பார்த்துக்கொண்டு நிற்பதும் உற்றுப் பார்ப்பதும் வேறு வேறு. இதற்கு நேர் எதிராக, இண்டியானாவின் டக்ளஸ் ரெக்ஸ் 2010-ல் செய்த சிறிய சோதனை ஒன்று இருக்கிறது. முழுப் பரிசோதனையும் வீடியோவாகப் பதிவாகிறது என்று டாக்டர்களுக்குத் தெரிந்ததும், அவர்கள் பார்க்கிற நேரமும் கூடியது, பார்க்கிற விதமும் மேம்பட்டது. யாரோ நாளைக்குப் பார்ப்பார்கள் என்கிற நினைப்பு அந்த வேலையைச் செய்திருக்கிறது. அதே ரெக்ஸ், 2000-லேயே, முனையைத் தொட்டதை நிரூபிக்க நிலைப்படத்தைவிட சின்ன வீடியோ துண்டு நம்பகமானது என்று காட்டியிருந்தார்.

இதையெல்லாம் அப்படியே நம்ம பக்கம் பொருத்த முடியாது. மேற்கே தரத்தை அளக்கும் முதல் அளவுகோல், நூறு பேரில் எத்தனை பேரிடம் அடினோமா என்கிற வகைக் கட்டியைக் கண்டார் என்பது. அமெரிக்கச் சங்கங்கள் 2024-ல் அதை 35 சதவீதத்துக்கு உயர்த்தியிருக்கின்றன. அங்கே 45 வயது ஆனால் நலமாக இருப்பவரும் பரிசோதனைக்குப் போகிறார். இங்கே அரசாங்கத்தின் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பு, கருப்பை வாய் என்ற மூன்றோடு நிற்கிறது. குடல் அதில் இல்லை. ஜவளகிரியிலிருந்து ஒருவர் கொலோனாஸ்கோபிக்குப் போகிறார் என்றால் ரத்தம் போகிறது, எடை குறைகிறது, மாதக்கணக்கில் வயிற்றுவலி என்று அர்த்தம். அந்த 35-ஐ இங்கே வைத்து ஒரு டாக்டரை அளப்பது நியாயமில்லை.

எட்டாவது படத்தின் கதை வேறு. இங்கிலாந்துக்காரருக்கு அது வந்து சேர்ந்ததற்கு அடையாளம். நமக்கு அந்த இடமே நோய் இருக்கிற இடம். வயிற்றுக்குள் வருகிற காசநோய் மிக அதிகமாகப் பிடிப்பது சிறுகுடலும் பெருங்குடலும் சேர்கிற அந்த மூலையைத்தான். பார்வைக்கு அது க்ரோன் நோய் மாதிரியே புண்ணாக இருக்கும். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதைக் கெடுக்கும். க்ரோனுக்கு ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருந்தது டிபி என்றால் என்ன ஆகும்? வேலூர் சிஎம்சி-யில் அன்னா புளிமூடும் சக மருத்துவர்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. கொலோனாஸ்கோபியில் எடுத்த சின்னச் சின்னத் திசுத் துண்டுகளை வைத்தே இரண்டையும் பிரிக்க முடியும் என்று காட்டினார்கள். டிபி-யில் கிரானுலோமா என்கிற அணுத் திரள்கள் பெரிதாக, நிறைய இருக்கும். க்ரோனில் சிறிதாக, ஒன்றிரண்டாக இருக்கும். இந்த முறைக்கு எந்தத் துண்டு எந்த இடத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்பு முக்கியம். இடத்தைச் சொல்ல படத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சித்தப்பா விஷயத்தில் இதைக் கிட்டே இருந்து பார்த்தேன். ஓரிடத்தில் பரிசோதனை செய்து, முனைவரை நார்மல் என்று ரிப்போர்ட். பெயர் வேண்டாம். படம் இரண்டு, இரண்டும் மலக்குடல். அஞ்சு மாதம் கழித்தும் சாயங்காலக் காய்ச்சல், வலது பக்க வலி. பெங்களூருக்குக் கூட்டிப் போனோம். அந்த டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "சீக்கம் போட்டோ எல்லி?" என்றார். எல்லை ஊர்க்காரர்களுக்குக் கன்னடம் சிக்கல் இல்லை, பதில்தான் இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்து, "ஏண்டா, அவங்க அதுவரைக்கும் போனாங்களா இல்லையா?" என்று கேட்டார். போயிருக்கலாம். அப்போது புண் இல்லாமல்கூட இருந்திருக்கலாம். அதை யாராலும் சொல்ல முடியவில்லை. மறுபடி பேதி மருந்து, மறுபடி மயக்க மருந்து, மறுபடி பணம். வால்வில் புண், திசுவில் டிபி. ஆறு மாத மாத்திரையில் தேறிவிட்டார். இப்போது காட்டோரக் கொல்லையில் ராகிக்கு ராத்திரி யானைக் காவல் இருக்கிறார்.

ராகி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். படம் நன்றாக வருவது டாக்டர் கையில் மட்டும் இல்லை. குடல் சுத்தமாக இருக்க வேண்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே களி, கீரை, கொய்யா, தக்காளி விதை கூடாது. விதைகள் உறிஞ்சு குழாயை அடைக்கும். 'எளிய உணவு சாப்பிடுங்கள்' என்று அச்சடித்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்து ஆள் களிதான் சாப்பிடுவார், அவருக்கு அதைவிட எளிய உணவு கிடையாது. பேதி மருந்தில் பாதியை முந்தின ராத்திரியும், மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பும் குடித்தால்தான் வலது பக்கக் குடல் தெளிவாக இருக்கும். தளி வழியாக ஓசூர் பஸ் பிடிக்க வேண்டியவர் விடிகாலை நாலு மணிக்கு இரண்டு லிட்டர் குடித்துவிட்டு எப்படி பஸ்ஸில் உட்காருவார்? அதனால் முழுசையும் ராத்திரியே குடித்துவிடுகிறார்கள். விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து வரும் பித்தம் கலந்த சளி வலது பக்கத்தில் படிந்துவிடுகிறது. எட்டாவது படம் கலங்கலாகிறது. வெளியூர்க்காரர்களுக்குப் பகல் பன்னிரண்டுக்கு மேல் நேரம் கொடுத்து, மிச்ச மருந்தை ஆஸ்பத்திரியிலேயே குடிக்க வைத்தால் இது தீரும். செலவில்லாத மாற்றம்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. திரையில் பாலிப் தெரிந்தால் கட்டம் போட்டுக் காட்டும். நல்லதுதான். ஆனால் போலந்தில் 2025-ல் வெளியான ஆய்வு ஒன்று, அந்த உதவிக்குப் பழகிய மையங்களில், உதவி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அடினோமா கண்ட அளவு 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியதைக் காட்டுகிறது. கட்டம் போடுகிற மெஷினுக்கும் குழாய் போகாத இடம் தெரியாது.

நம்ம பக்கத்தில் சிக்கல் இன்னும் கீழே, ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. இன்சூரன்ஸுக்கு ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்துக்கொள்வது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் எட்டுப் படமும் எட்டுக் கரிய வட்டங்கள். சிடி கொடுத்தாலும் அதைப் போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் இல்லை. ஆகவே இப்போதெல்லாம் யார் கேட்டாலும் சொல்வது: கவுன்டரில் ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்னால் படங்களை மட்டும் போனில் கிட்டே வைத்து, வெளிச்சத்தில், கலரில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு படம் இல்லையென்றால் அங்கேயே நின்று கேளுங்கள். மெஷின் நினைவகத்தில் அது இன்னும் அழியாமல் இருக்கக்கூடும்.